கன்னியப்பன் தூக்கிய கல்

என் மனைவி சுந்தராம்பாளுக்கு ஒரே ஒரு தம்பி. பெயர் கன்னியப்பன். ஒரகடம் பக்கம் ஹைட்ரா ஓட்டுகிறான். கம்பெனிகளுக்குள் மிஷின் தூக்கி வைக்க, யானைத் தும்பிக்கை மாதிரி இரும்புக் கையை நீட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் வண்டி போகுமே, அதுதான் ஹைட்ரா.

அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்தவன். அவனும் நானும் ஒரே குவாரியில் சம்மட்டி பிடித்தவர்கள். அவன் பிடித்துவிட்டுப் போனான், நான் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். இன்று ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஜல்லி உடைக்கும் கிரஷர் ஒன்று எனக்குச் சொந்தம். இந்த ரோட்டில் வரிசையாக நிற்கிற கம்பெனிகளில் பலவற்றின் அஸ்திவாரத்தில் கிடப்பது என் கல். கார் செய்கிறார்கள், போன் செய்கிறார்கள், எல்லாம் என் ஜல்லிக்கு மேலே நின்றுதான் செய்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் கன்னியப்பன்மேல் எனக்கு வயிற்றெரிச்சல். அதை மறைத்து எழுதினால் எழுத்து பொய்யாகிவிடும். கூட்டு ரோட்டு டீக்கடைக்கு நான் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அவன் போனால் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். எழுந்து நிற்பது மரியாதை. நகர்ந்து உட்காருவது வேறு ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்று எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை.

அவன் பிறந்த வீட்டுக்குப் பின்னால் வயல் இருந்தது. இப்போது அங்கே ஒரு கம்பெனியின் மதில் சுவர். ஊரில் மற்றவர்கள் அதைச் சொல்லி மூக்கைச் சிந்துவார்கள். இவன், "எனக்கு நாத்துக்கும் புல்லுக்கும் வித்தியாசமே தெரியாது மாமா, நல்லவேளை, கம்பெனிக்காரன் என்னைக் காப்பாத்துனான்" என்பான். குவாரியில் நான் ஒரு பாறையைப் பிளப்பதற்குள் அவன் ஒரு கதை சொல்லி முடிப்பான். மேஸ்திரி திட்டுவதற்கு வாய் திறந்தால், மேஸ்திரியையும் சிரிக்க வைத்துவிடுவான். நான் வியர்வையில் நனைந்து நிற்பேன். என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

பிறகு அவன் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ரயில் வந்து நின்றதும் ஷிப்டுக்கு ஓடிவரும் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரகடம் பறக்க வேண்டும். மற்ற ஆட்டோக்காரர்கள் இடம் நிறைந்ததும் கிளம்பிவிடுவார்கள். இவன், படிக்கட்டில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் நிற்பான். உள்ளே இருப்பவர்கள், "அண்ணா, கேட் மூடிடுவான், எடுண்ணா வண்டிய" என்று கத்துவார்கள். "த்தோ வந்துட்டாம்பா. உன் கூடப் பொறந்தவனா இருந்தா வுட்டுட்டுப் போவியா?" என்பான். அதில் சிலர் லேட்டாகித் திட்டும் வாங்கினார்கள். ஆனால் அன்று ஆட்டோவில் கத்திய அந்தப் பிள்ளைகள்தான் இன்று கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள். ஹைட்ரா கேட்டுக்குள் நுழைந்தால், "அண்ணன் வந்துட்டாரு" என்று ஓடிவருகிறார்கள். நான் ஜல்லி லாரியோடு போனால் பில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

அவனிடம் ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும், "தெரியாது, நீயே சொல்லு" என்பான். ஹைட்ராவும் அப்படித்தான் கற்றுக்கொண்டான். ஒரு வடநாட்டு ஆப்பரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பாஷை தெரியாமலே, தெரியாது தெரியாது என்று தலையாட்டிக் கற்றுக்கொண்டான். எனக்கு அந்த வார்த்தை நாக்கில் வராது. வந்திருந்தால் சம்மட்டியோடே கிழவனாகியிருப்பேன். பேங்க்காரர் முன்னாலும் இன்ஜினியர் முன்னாலும் தெரியும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஓடிப்போய்த் தெரிந்துகொண்டு வந்தவன் நான். அப்படித்தான் ஆள் ஆனேன்.

எங்களுக்கு ஒரே மகள், கலைமதி. அவள் பிறந்த வருஷம்தான் முதல் மிஷின் போட்டேன். 'கலைமதி புளூ மெட்டல்ஸ்' என்று போர்டிலும் லாரி நெற்றியிலும் அவள் பெயரைத்தான் எழுதினேன். ஆனால் அவளுக்குக் காது குத்தினபோது அவள் யார் மடியில் உட்கார்ந்தாள்? தாய்மாமன் மடியில். வழக்கம் அது, நான் குறை சொல்லவில்லை. பந்தல் என்னுடையது, விருந்து என்னுடையது, குழந்தை என்னுடையது. ஊசி ஏறினதும் அழுது முகத்தைப் புதைத்தது மட்டும் அவன் சட்டையில். நான் அந்த நேரம் சமையல்காரனிடம் கத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. அன்று ஆரம்பித்தது இந்த எரிச்சல்.

கலைமதி இப்போது தண்டலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கிறாள். வானத்தில் சுற்றுகிற கற்களைப் பற்றிய படிப்பு. கல் உடைக்கிறவன் மகள் கல்லைப் பற்றிப் படிக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். என்ன கல், எதற்கு என்று அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா?

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கன்னியப்பன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வஞ்சிரம் துண்டைப் பிய்த்துக்கொண்டே, "மதி, உன் படிப்பு இன்னான்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. உங்கப்பன் ஊரெல்லாம் பீத்திக்கினு கீறாரு, யாரு கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியல" என்றான்.

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சிறுகோள்னு கல்லுங்க சுத்திக்கிட்டு இருக்கு மாமா. லட்சக்கணக்குல. எப்பவாவது ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். உடையும். உடைஞ்சது திரும்பவும் மோதும்."

"எவ்ளோ நாளா?"

"நானூத்தி ஐம்பது கோடி வருஷமா."

கன்னியப்பன் மீனை வைத்துவிட்டான். "அப்போ இந்நேரத்துக்கு எல்லாமே மண்ணாப் பூட்டிருக்கணுமே?"

"அதான் மாமா கேள்வியே!" என்று அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தபோதுகூட அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வரவில்லை. "பெரிய கல்லு உடையணும்னா பெரிய அடி விழணும். பெரிய கல்லே கம்மி, அதனால பெரிய அடி அபூர்வம். சின்னது ஏராளம், அதுங்க அடிக்கடி அடிச்சிக்கும். ரொம்பப் பெரிசு உடைஞ்சா, அதோட ஈர்ப்பே துண்டையெல்லாம் இழுத்து மறுபடி குவிச்சிக்கும், நம்ம யார்டு ஜல்லிக் குவியல் மாதிரி. ரொம்பத் தூளாப் போனதைச் சூரிய வெளிச்சமே தள்ளிட்டுப் போயிடும். இப்படியே மோதி மோதி, பெரிசு எத்தனை, நடுத்தரம் எத்தனை, பொடி எத்தனைன்னு ஒரு ஒழுங்குக்கு வந்துடுது. ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்குக் கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. நூறு கிலோமீட்டருக்கு மேல சில நூறு. ஒரு கிலோமீட்டர் அளவுல பத்து லட்சத்துக்கும் மேல."

எனக்கு இது புரிந்துவிட்டது. முதல் தடவையாக மகளின் படிப்பு என் யார்டுக்குள் வந்து நிற்கிறது. விடுவேனா?

"இத்த நான் தெனம் பண்றேம்மா" என்றேன். "ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸு, எம்.சாண்ட். உனக்கு இன்னா சைஸ் வேணும், அத்த மட்டும் சொல்லு."

"சைஸை நாம சொல்லக் கூடாதுப்பா. கல்லுதான் சொல்லணும். நம்ம கிரஷர் வாய் எவ்ளோ திறந்திருக்கோ அந்த அளவுதான் கீழ விழும். அது மோதறது இல்லப்பா, மெல்றது."

"மெல்றதாவது! உடைக்கிறதுன்னா உடைக்கிறதுதான்."

கன்னியப்பன் குறுக்கே வந்தான். "அப்போ கல்லோட கல்லு மோதணும். உடைஞ்ச பிறகு எது எவ்ளோன்னு பார்க்கணும். அதானே மதி?"

"அதேதான் மாமா."

அவள் அப்பாவுக்கு ஒரு பதில், மாமாவுக்கு 'அதேதான்'. அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. கல் உடைத்தே வளர்ந்தவன் நான். என் மகளுக்கு ஒரு கல் உடைய வேண்டுமென்றால் அது என் கையால் உடைய வேண்டும். மனதுக்குள் அதை முடிவு செய்துகொண்டுதான் கை கழுவினேன்.

மறுநாளே என் மிஷின் ஆப்பரேட்டர் நெல்லையப்பனைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வேலையில் சுத்தம். "பாப்பாவுக்குச் சரக்கு போவணும். முதல் தரம். ஒவ்வொரு சைஸும் தனித்தனி மூட்டை. தண்ணி வுட்டுக் கழுவு" என்றேன். சலித்து, கழுவி, காயவைத்து, மூட்டை தைத்து, அவள் பெயர் எழுதின லாரியிலேயே தண்டலத்துக்கு ஏற்றி அனுப்பினேன். வெளிநாட்டுக் கம்பெனிக்குக்கூட அப்படி ஒரு சரக்கு நான் அனுப்பினதில்லை.

சாயங்காலம் அவள் நேரே கிரஷருக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"அப்பா, தூள் எங்கப்பா?"

"தூளா? ஒரு பொட்டுத் தூள் இருக்காது. மூணு தண்ணி வுட்டுக் கழுவுனது. கண்ணுல வச்சாக்கூட உறுத்தாது."

"ஒவ்வொரு மூட்டையிலயும் ஒரே சைஸாக் கீதே."

"அதாம்மா சரக்கு!"

அவள் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, ஒரு கல்லு உடைஞ்சா அதுலேர்ந்து பெரிசு, சின்னது, பொடின்னு என்னென்ன வருதோ அத்தனையும் எனக்கு ஒண்ணா வேணும். நீ பிரிச்சி, கழுவி, தூளைத் தண்ணியோட வுட்டுட்டா, எது எவ்ளோ வந்துச்சின்னு எனக்கு எப்டித் தெரியும்? அந்த எவ்ளோதான் என் படிப்பு."

இந்தத் தொழிலில் என் பெயர் நிற்பதே தூள் கலக்காததால். சைஸ் கலந்து அனுப்புகிறவனை நாங்கள் வியாபாரி என்றே சொல்ல மாட்டோம். என் இடத்தில் எந்தக் கிரஷர்காரன் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த மூட்டைகளில் போனது முதல்தரச் சரக்கு. கல்லூரியில் அதைக் கொட்டி சைக்கிள் நிறுத்த இடம் போட்டார்களாம், இன்னும் ஒரு பள்ளம் விழவில்லை. ஆனால் மகளுக்கு அது உதவவில்லை. சுகப்பிரியா என்று அவளுக்கு ஒரு பேராசிரியர். அடுத்த வாரத்துக்குள் கணக்கு வராவிட்டால் அந்தப் பகுதியையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடு என்று சொல்லிவிட்டாராம்.

"மாமாகிட்ட பேசிட்டேன்ப்பா. ஞாயித்துக்கிழமை ஹைட்ரா எடுத்துட்டு வர்றேன்னாரு. நம்ம யார்டுல ஒரு மூலை மட்டும் கொடு" என்றாள்.

கல் உடைப்பவன் நான். மூலை கொடுப்பது என் பங்கு.

ஞாயிறு காலை மஞ்சள் வண்டி ஆடி ஆடி உள்ளே வந்தது. கன்னியப்பன் கையைக் காலை உதறி இறங்கினான். பின்னாலிருந்து பெரிய சுருள் ஒன்றை இழுத்துப் போட்டு விரித்தான். நான் திடுக்கிட்டேன். கிரஷருக்கு வெள்ளிவிழா நடந்தபோது அடித்த ஃப்ளெக்ஸ். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கும்பிட்ட கை, இரண்டு ஆள் உயரத்துக்கு நான்.

"டேய்! இத்த எங்கேர்ந்து எடுத்த?"

"அக்காதான் கொடுத்தா. எலி கடிச்சிகினு கெடந்துதாம்."

"அது என் மூஞ்சிடா!"

"அதான் மாமா. உன் மூஞ்சியத் தாண்டி ஒரு கல்லு வெளிய போவுமா, சொல்லு?"

கலைமதி வாயைப் பொத்திக்கொண்டாள். நெல்லையப்பன் மிஷினைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

நான்கு பக்கமும் கம்பம் நட்டு, ஃப்ளெக்ஸைச் சுற்றிக் கட்டி, கீழே இரும்புத் தகடு விரித்து, அதன்மேல் ஒரு பாறைத் துண்டை வைத்தார்கள். இன்னொரு கல்லைக் கயிற்றில் கட்டி ஹைட்ரா உயரே தூக்கியது. தூரத்தில் நின்று இன்னொரு கயிற்றை இழுத்தால் கொக்கி வாய் திறந்து மேலே உள்ள கல் கீழே உள்ள கல்லின்மேல் விழும். ஏற்பாடு கன்னியப்பனுடையது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

"மேல இந்தக் கல்லுங்க எவ்ளோ வேகத்துல அடிச்சிக்கும் மதி?" என்று கேபினிலிருந்து கேட்டான்.

"நொடிக்கு அஞ்சு கிலோமீட்டர் மாமா."

"யப்பா! நம்ம ஒரகடம் டிப்பரே தோத்துப்பூடுமே. இது அவ்ளோ வேகம் வராதேம்மா?"

"வராது மாமா. வேகத்துக்கு வேற கணக்கு இருக்கு. எப்படி உடையுதுன்னு மட்டும் இதுல பார்க்கணும். பெரிய துண்டு பழைய கல்லுல பாதிக்கு மேல இருந்தா, கல்லு பிழைச்சிதுன்னு அர்த்தம். பாதிக்குக் கீழ போனா உடைஞ்சிது."

"மனுசனுக்கும் இப்டி ஒரு கணக்கு இருந்தா சோக்கா இருக்கும். காலையில எழுந்து எடை போட்டுப் பார்த்துக்கலாம்."

நெல்லையப்பன் கயிற்றை இழுத்தான். குண்டு போட்ட மாதிரி சத்தம். ஃப்ளெக்ஸில் பட்பட்டென்று தெறித்தது. என் இடது கன்னத்தில் ஒரு கிழிசல். கலைமதியும் கன்னியப்பனும் உள்ளே போய்க் குனிந்து, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் கூட்டி, துண்டு துண்டாகத் தராசில் வைத்தார்கள். நான் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். போகலாமா என்று இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கலைமதி நிமிர்ந்து, "மாமா, தப்பா வருது" என்றாள். "உடைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கல்லும் இருந்த எடையைவிட, உடைஞ்சதைக் கூட்டினா அதிகமா வருது."

"கல்லு உடைஞ்சா எடை ஏறுதா? பேராசிரியரம்மாகிட்ட உடனே சொல்லிடு மதி. உலகமே உன்னைத் தூக்கி வச்சிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. தலையை உயர்த்தி என் கிரஷரைப் பார்த்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கன்வேயரிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி தூசு கிளம்பி, காற்றில் மிதந்து, என் ஃப்ளெக்ஸைத் தாண்டி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பொறுக்கின பொடியில் என் பொடி கலந்துவிட்டது.

"பெரிய துண்டு சரியா இருக்கு. பொடி கணக்குதான் கெட்டுப்போச்சு. இதை வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

கன்னியப்பன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு எழுந்தான். அவள் தோளைத் தட்டினான். "இதுக்குப் போயி! எங்க ஹைட்ரா ஓனர் ஷெட்டு ஸ்ரீபெரும்புதூர் தாண்டி கீது. சுத்திலும் செவுரு, ஒரு தூசு கிடையாது. எல்லாத்தையும் ஏத்து, ஜல்தியாப் பூடலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமானை எடுக்கக் குனிந்தாள். எனக்கு ஒன்று புரிந்தது. படிப்பு அவனிடம் சொல்லப்பட்டது, கல் அவனால் தூக்கப்பட்டது, இப்போது இடமும் அவனுடையதாகப் போகிறது. அவள் பெயர் எழுதின போர்டுக்குக் கீழே நின்று, அவள் என் இடத்தைவிட்டுக் கிளம்பப் போகிறாள்.

என் கிரஷர் ஆயுத பூஜைக்கு நிற்கும். பெரிய ரிப்பேர் என்றால் நிற்கும். மற்றபடி நின்றதில்லை. என் மாமியார் செத்த அன்றுகூட ஓடியது, சுந்தராம்பாள் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். அன்று ஒரு கம்பெனிக்குக் காங்கிரீட் போட ஜல்லி போக வேண்டும், லாரிகள் வரிசையில் நின்றன.

"நெல்லையப்பா, மிஷினை நிறுத்து" என்றேன்.

"மொதலாளி?"

"காதுல வுழலியா? நிறுத்து."

"லாரி நிக்குல்லா மொதலாளி? கம்பெனியில வையுவானுவளே!"

"அவனுங்ககிட்ட நான் பேசிக்கிறேன். வாயில இருக்கிற கல்லு முழுசா இறங்கட்டும், பெல்ட் காலியாவட்டும், அப்புறம் ஆஃப் பண்ணு. தண்ணி டேங்கரைக் கொண்டாந்து யார்டு முழுக்க அடி."

இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் ஷெட்டுக்கு அவள் போகக் கூடாது, அவ்வளவுதான். பொறாமையில் செய்தேன். பொறாமையில் செய்தாலும் முறையாகச் செய்தேன். அப்படியே சுவிட்சை அணைத்தால் வாயில் கல் சிக்கி மறுபடி ஓடாது. மேலே மட்டும் தண்ணீர் அடித்தால் தூசு அடங்காது, குவியலின் அடி வரைக்கும் நனைய வேண்டும். இதெல்லாம் ஹைட்ரா ஓட்டுகிறவனுக்குத் தெரியுமா?

பெல்ட் காலியாகி, சத்தம் குறைந்து, முனகி, நின்றது. அந்த யார்டில் பேச்சு கத்தாமலே கேட்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே ரோட்டில் கம்பெனி பஸ் ஹார்ன் அடிப்பது கேட்டது. லாரி டிரைவர்கள் இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கலைமதி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புதுக் கல்லை எடை போட்டுக் கட்டினாள். ஹைட்ரா தூக்கியது. நெல்லையப்பன் டேங்கர் பக்கம் போய்விட்டதால் கயிறு தரையில் கிடந்தது.

"மாமா, கயிறு புடி" என்று கன்னியப்பன் மேலிருந்து கூப்பிட்டான்.

பார்த்தீர்களா, அதையும் அவன்தான் கொடுக்கிறான். நான் நகரவில்லை. "நீ கொடுத்து நான் புடிக்கணுமா?" என்றேன்.

"நான் எங்க கொடுத்தேன்? கேபின்ல குந்திகினு எனக்குக் கை அவ்ளோ தூரம் நீளுமா? யோவ் மாமா, கல்லு தொங்கிகினு கீது, சண்டைய அப்புறம் வச்சிக்கலாம்!"

கலைமதி வந்து கயிற்றை எடுத்து என் கையில் வைத்தாள். "நீதான் இழுக்கணும்ப்பா. நான் போன்ல படம் எடுக்கணும். நான் சொல்றப்போ இழு."

அவள் சொன்னாள். இழுத்தேன்.

சம்மட்டி பிடித்த காலத்துக்குப் பிறகு என் கையால் நான் உடைத்த முதல் கல் அது. ஜல்லியாக எத்தனை மலை உடைத்திருந்தாலும் அதெல்லாம் மிஷின் மென்றது, மகள் சொன்ன மாதிரி. இது இரண்டு கல்லும் முட்டிக்கொண்டு உடைந்தது. அவள் போனில் அதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். மேல்கல் தொட்ட இடத்தில் முதலில் பொடி பூத்தது, பிறகு விரிசல் ஓடியது, பிறகு பூட்டுத் திறந்த மாதிரி கல் விலகியது. எந்தத் துண்டு எந்த அளவில் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கல்தான் சொன்னது.

இந்தத் தடவை கூட்டினால் எடை ஒரு பிடி குறைவாக வந்தது. "காத்துல போனது. அது போவும், கணக்கு இருக்கு" என்று கலைமதி சொன்னாள். பெரிய துண்டு பாதிக்குக் கீழே. உடைந்தது. பிறகு உடைந்ததில் பெரிய துண்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று போட்டோம். அதில் வந்ததை மறுபடி போட்டோம். நானும் குனிந்து பிரஷ்ஷால் கூட்டினேன். என் முழங்கால் சத்தம் போட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் கம்ப்யூட்டரில் புள்ளி வைத்தாள். முதலில் புள்ளிகள் கண்டபடி நின்றன. போகப்போக ஒரே சாய்வான கோட்டில் வந்து உட்கார்ந்தன. பெரிசு கொஞ்சம், நடுத்தரம் கூட, பொடி ஏராளம். கோவில் வாசல் கூட்டம் தானாக வரிசைக்கு வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

"எந்தக் கல்லுல ஆரம்பிச்சாலும் கிட்டத்தட்ட இங்கதான் வந்து நிக்குது மாமா" என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, இதான்" என்றாள். இரண்டாவதாகத்தான் சொன்னாள். குறித்துக்கொண்டேன்.

மதியம் சுந்தராம்பாள் சோறு கொண்டுவந்தாள். மிஷின் நிற்பதைப் பார்த்ததும் தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னாங்க, உடம்புக்கு எதனா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஹைட்ரா நிழலில் எல்லாரும் உட்கார்ந்தோம். கலைமதி மாமா பக்கத்தில் உட்கார்ந்தாள், அவன் இலையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துத் தின்றாள். என் மகளில் பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறது என்று நான் மனதுக்குள் தராசு வைத்தேன். எனக்குச் சாதகமாக வரவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. அந்தப் பேராசிரியரம்மா. கலைமதி எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள். மிஷின் நின்றிருந்ததால் எல்லாம் கேட்டது.

"வந்துடுச்சி மேடம். பொடி வரைக்கும் சரியா இருக்கு... இல்ல மேடம், லேப்ல இல்ல, எங்க அப்பா கிரஷர்ல... தூசா? இல்ல மேடம். எங்கப்பா மிஷினை நிறுத்திட்டாரு. ஆமா மேடம், மொத்தக் கிரஷரையும். எனக்காக நிறுத்திட்டாரு."

இத்தனை வருஷம் அந்தக் கிரஷர் ஓடுவதைப் பற்றி அவள் ஒருவரிடமும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. நின்றதைச் சொல்லும்போது குரல் அப்படி இருந்தது.

நான் கன்னியப்பனைப் பார்த்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, சிரித்தான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"குடுத்து வச்சவன் மாமா நீ" என்றான். "உன்கிட்ட நிறுத்துறதுக்கு ஒண்ணு கீது. என்கிட்ட இன்னா கீது? ஹைட்ரா ஓனருது. நான் நிறுத்துனா வேற ஆள் வந்து ஓட்டுவான்."

அந்த முகத்தைப் பார்க்கத்தான் காதுகுத்து நாளிலிருந்து நான் காத்திருந்தேன். வந்துவிட்டது. நான் நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை. எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று இருந்தேன், அவனுக்கும் இருக்கிறது. என் இலையிலிருந்த வஞ்சிரத்தை எடுத்து அவன் இலையில் வைத்தேன். "துன்னுடா. இன்னும் கல்லு தூக்கணும்" என்றேன்.

"பார்றா, மாமா பரிமாறுறாரு! யக்கா, நெஜமாவே அவருக்குக் காய்ச்சல்தான்" என்று அவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நிமிஷத்தில் மறுபடி அவன் பக்கம் போய்விட்டது கூட்டம். எரிச்சல் திரும்பி வந்தது. பழகின எரிச்சல்தானே, வந்து உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சாமானைக் கட்டும்போது கன்னியப்பன் ஃப்ளெக்ஸை அவிழ்த்து மடித்து, தன் சீட்டுக்கு அடியில் தள்ளினான். "மழைக்கு ஆவும்" என்றான்.

"அத்த வை. அது என் மூஞ்சி" என்று பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது அது என் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. கன்னத்தில் ஒரு பெரிய கிழிசல், கண்ணாடியில் ஒன்று. கை அளவு ஓட்டைகள் சில. சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளை, எண்ண முடியாது. கலைமதி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இதுலயும் பெரிசு கொஞ்சம், சின்னது ஏராளம்தான்ப்பா என்றாள். ஜல்லி எடுக்க வருகிற இன்ஜினியர்கள் யாராக இருந்தாலும் அதற்கு முன்னால் நிறுத்தி, வானத்துக் கற்கள் எப்படி அளவுக்கு வருகின்றன என்று நான் விளக்குவேன். என் மகள் ஆராய்ச்சி, என் யார்டில், என் கையால் விழுந்த கல் என்று சொல்வேன். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவனும் தவறாமல் ஒரே கேள்வி கேட்கிறான்.

"கல்லை அவ்ளோ உசரம் யார் சார் தூக்கினது?"

அவன் பெயரைச் சொல்ல வேண்டியதாக இருக்கிறது. பெயரைச் சொன்னால், யார் அது என்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் ஷேர் ஆட்டோவிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவனிடமும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன்.